ஐம்பத்திரண்டு நிமிடப் பேச்சு

1960 ஜனவரி 11, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. சித்தூரில் பனி அப்போதுதான் விலகி வெளுத்த வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டையும் தன் மேஜைக் கடிகாரத்தையும் கொடுத்தார்.

எல்லை பிரியப்போகிறது. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போகின்றன. அவற்றின் நில ஆவணங்களோடு எங்கள் பிரிவின் ஒன்பது குமாஸ்தாக்களில் ஒருவரும் போக வேண்டும். அந்த நாற்காலி இங்கே மறுபடி நிரப்பப்படாது. யார் இல்லாமல் இந்த ஆபீஸ் நடக்கும் என்று தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆறு நாள் உட்கார்ந்து, என்ன வேலை, எத்தனை நிமிடம் என்று நான் எழுத வேண்டும். ஆபீஸ் மாடிப்படியை எண்ணி, இருபத்தாறு என்று எப்போதோ வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். அதனால்தான் என்னைப் பிடித்தார்.

இதற்கு இப்போது வேலைப் பகுப்பாய்வு என்று பெயர். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் வந்திருக்கும் ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளில் இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்களாம். எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. கடிகாரம் இருந்தது, எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

ஐந்தாவதாக நான் உட்கார்ந்தது தமிழ்ப் பதிவேடுகளைப் பார்த்துவந்தவர் பக்கத்தில். நகரியில் நெசவுக் குடும்பம். வீட்டுத் தறியில் நெய்த மஞ்சள் துண்டைத் தோளில் போட்டபடிதான் எழுதுவார்.

"இன்னா நைனா, மூச்சு உடறதையும் எழுதிக்கினியா?" என்றார்.

"ஆபீசர் உத்தரவுங்க."

"எழுது, எழுது. ஒண்ணுக்குப் போறனே, அது சொந்த வேலையா சர்க்கார் வேலையா? கேட்டு எழுது."

மேஜையில் அவருக்கு வேலை குறைவு. தமிழில் வரும் மனுக்கள் தேய்ந்துகொண்டே வந்தன. ஒரு நாளைக்கு மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் கணக்குக் காட்ட முடியவில்லை. ஆனால் நடுநடுவே எழுந்து வராந்தாவுக்குப் போவார். அங்கே தெலுங்கு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கதவுக்குள் போவது என்று தெரியாமல் ஆட்கள் நிற்பார்கள். ஒரு நாள் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி வந்திருந்தாள். நோட்டீசை வாங்கிப் படித்தார்.

"இது வரி இல்ல ஆயா. உன் நெலத்த உன் கொழுந்தன் கேக்கறான். பதினஞ்சு நாள்ல அவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுக்கணும், இல்லன்னா போச்சு."

"அந்தத் திருட்டு முண்டமா? துன்ன சோத்துக்கு..."

"திட்டறத அப்புறம் வெச்சிக்க. மொதல்ல நான் எழுதற மனுவுல கைநாட்டு வை."

பதினோரு நிமிடம். ஆறு நாள் சராசரி ஐம்பத்திரண்டு நிமிடம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஆபீசரைக் கேட்டேன். அவர் தமிழில் தெலுங்கு கலந்துதான் பேசுவார்.

"அது அவருக்குக் கொடுத்த வேலையா? உத்தரவு ஏதாவது உந்தா?"

"இல்லைங்க சார்."

"அப்போ பேச்சு. பேச்சுன்னு எழுதய்யா."

எழுதினேன். என் கையெழுத்து அப்போது அழகாக இருக்கும். பேச்சு, 52 நிமிடம். நிமிடத்தில் பிழையே இல்லை. அவர் நின்றுவிட்டால் எது நின்றுபோகும் என்று மட்டும் நான் கேட்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஒரு கோடு போட்டு நானே ஒன்று உண்டாக்கியிருக்கலாம். கோடு போட அரை நிமிடம் ஆகியிருக்குமா?

மார்ச் கடைசியில் திருத்தணிக்குப் போகச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. மையொத்தியையும் செம்பையும் பையில் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ சரியாத்தான் எண்ணின நைனா," என்றார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

என் நோட்டு ஆபீசருக்குப் பிடித்துப்போனது. ஏப்ரலில் இதே வேலைக்குத் திருப்பதி ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே பதினான்கு பேர், எண்பத்து நான்கு நாள். ஊருக்குப் போகவில்லை. ஜூலையில் நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது, அம்மா அரிசி டின் மூடிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். தெலுங்கு நோட்டீஸ். அப்பா செத்த பிறகு எங்களுக்கு வரவேண்டிய ஒரு ஏக்கர் பதினெட்டு சென்ட், கிணறு உட்பட, தன் பெயருக்குக் கேட்டிருந்தார் சித்தப்பா. ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள். அறுபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"சித்தூர் ஆபீசுக்கு எடுத்துக்கினு போவலியாம்மா?"

"போனேன்டா. காலைல இருந்து சாயங்காலம் வரிக்கும் வராந்தாலயே நின்னேன். எப்பவும் படிச்சி சொல்லுவாரே, மஞ்சத் துண்டு ஐயா, அவரக் காணோம். கேட்டா, அந்த வேலையே இல்லன்னு எடுத்துட்டாங்களாம். எந்தப் பாவி எடுத்தானோ. வரி நோட்டீசாத்தான் இருக்கும், நீ வந்து படிக்கட்டும்னு வெச்சிக்கினு இருந்தேன்."

அந்தப் பாவி நான்தான் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

பட்டா சித்தப்பா பெயருக்கு மாறியிருந்தது. வழக்கு நான்கு வருஷம் நடந்தது. கடைசியில் கிணற்றையும் நிலத்தையும் அவரிடமே விலைக்கு வாங்கினேன். வக்கீலுக்கு 340. ஸ்டாம்பு, நகல் 86.50. கோர்ட்டுக்குப் போய்வந்தது நாற்பத்தொரு தடவை, தடவைக்கு மூன்று ரூபாய், 123. சித்தப்பாவுக்கு 1,900. ஆக மொத்தம் இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது ரூபாய் ஐம்பது பைசா.