தாம்பாளத்தில் திரும்பி வந்த முத்திரை

செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டில் என் பக்கத்தில் முழங்கால் போட்டவர்கள், போன வருடம் இந்தப் பெண் எவ்வளவு பக்தியாக முணுமுணுக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் பாதிதான் ஜெபம். மீதி சண்டை. புனித அந்தோணியாரோடு நான் போட்ட சண்டைக்குக் கிடைத்த பதிலை உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு மன்னார்புரத்தில். பாய்லருக்கு வால்வு செய்கிற கம்பெனியில் கம்பெனி செக்ரட்டரி. போர்டு மீட்டிங்கைச் சட்டப்படி நடத்துவது, அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வது, இதுதான் வேலை. நான் டைப் அடிப்பதாகத்தான் என் மாமியார் இன்றைக்கும் நம்புகிறார். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

எங்கள் முதலாளி வரதன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவிக்காமல் ஒரு காபிகூடக் குடிக்க மாட்டார். திருச்சியில் தாய்க் கம்பெனி, சீனாவில் இரண்டு தொழிற்சாலைகள். அந்த இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள், ஆனால் பங்கு முழுவதும் எங்களுடையது. காகிதத்தில் நாங்கள் தாய், அவை பிள்ளைகள். தாய் சொல்லைப் பிள்ளை கேட்க வேண்டுமே, அதுதான் நடக்கவில்லை.

போன வருடம் தவக்காலம் தொடங்கிய சமயத்தில் திருச்சிக் கம்பெனி திவாலானது. சீனாவில் விரிவாக்கம் செய்ய வாங்கிய கடன் கழுத்தை நெரித்துவிட்டது. கோர்ட்டு ஓர் அதிகாரியை நியமித்தது. அன்றோடு வரதன் சாரின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவர் மேஜையிலிருந்த பெருமாள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், பிறகு வெளியே வரவே இல்லை. யாரையும் பார்ப்பதில்லை, போனும் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்களையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாரே என்று.

அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர், நேர்மையானவர். எங்களை வாங்கிக்கொள்ளக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியையும் தேடிப் பிடித்தார். அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். திருச்சியும் வேண்டும், சீனாவின் இரண்டு தொழிற்சாலைகளும் கைக்கு வர வேண்டும். சீனா வராவிட்டால் திருச்சியும் வேண்டாம். அவர்கள் போய்விட்டால் கோர்ட்டு எங்கள் கேட்டைப் பூட்டி, லேத்தை ஒருவருக்கும் கூரைத் தகட்டை ஒருவருக்கும் விற்கச் சொல்லிவிடும். என்னோடு வேலை பார்க்கிற அத்தனை குடும்பங்களின் சோறும் அந்தச் சீனத் தொழிற்சாலைகளில் மாட்டிக்கொண்டது.

அங்கே மேனேஜர் லின். ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பேசுவார், எங்களோடு பல வருடம் வேலை செய்தவர். அவர் கையில்தான் இரண்டு கம்பெனிகளின் முத்திரைகளும் இருந்தன. தரமாட்டேன் என்றுவிட்டார்.

முத்திரை என்றதும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நம் ஊரில் ரப்பர் ஸ்டாம்ப் தொலைந்தால் என்ன செய்வோம்? கோர்ட்டுப் பக்கம் ஒரு கடையில் சொன்னால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் புதிதாக ஒன்று செய்து கொடுத்துவிடுவார்கள். நானும் அதே தைரியத்தில், "புதுசு ஒண்ணு செஞ்சுக்கலாமே" என்று சீனாவில் நாங்கள் வைத்திருந்த வக்கீலுக்கு எழுதினேன். அந்தம்மாள் பதறிப்போய்ப் பதில் எழுதினார். அங்கே கம்பெனி முத்திரை போலீசில் பதிவான பொருளாம். சொந்தமாக இன்னொன்று செய்தால் குற்றமாம். பங்கு யாரிடம் இருந்தாலும், முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டமாம். பேங்க், ஒப்பந்தம், சம்பளம், எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முத்திரைகளை லின் கையில் கொடுத்த அன்று நான் அங்கே இருந்தேன்.

தொழிற்சாலைத் திறப்பு விழா அது. நம் முறைப்படி செய்ய வேண்டும் என்று வரதன் சார் ஆசைப்பட்டார். பித்தளைத் தாம்பாளம், சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் திருச்சியிலிருந்து தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். கழுத்தில் சிலுவை, பையில் குங்குமம். விமான நிலையத்தில் அந்தச் சிவப்புப் பொடியைப் பார்த்து என்னைத் தனியாக நிற்கவைத்துவிட்டார்கள். ஆயுத பூஜையில் மெஷினுக்குப் பொட்டு வைப்பதுபோல வரதன் சார் இரண்டு முத்திரைகளுக்கும் பொட்டு வைத்தார். வெற்றிலையோடு தாம்பாளத்தில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் லின் கையில் கொடுத்தார். நமக்கு அது ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்தவருக்குத் தாம்பூலம் கொடுப்பது மாதிரி. அங்கே இருந்தவர்களுக்கோ, கம்பெனியையே கையில் ஒப்படைத்தது மாதிரி. லின் அன்று ஏன் அப்படிக் குனிந்து வணங்கினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வக்கீல் கடிதம் போயிற்று. பேங்க் எழுதியது. அதிகாரி கோர்ட்டு உத்தரவை மொழிபெயர்த்து அனுப்பினார். லின் எதற்கும் அசையவில்லை. அங்கே வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். அவ்வளவு காலம் யார் காத்திருப்பார்கள்? கோயம்புத்தூர்க்காரர்கள் ஆடி முடிவதற்குள் முடிவு சொல்லுங்கள் என்றுவிட்டார்கள். கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இருக்கிறவர்கள் என் முகத்தையே பார்ப்பார்கள். "மேடம், ஏதாவது நல்ல சேதி உண்டுங்களா?" என்று கேட்பார்கள். சோறு இறங்காது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருவேன்.

இந்த நிலைமையில்தான் செவ்வாய் நவநாளுக்கு வர ஆரம்பித்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார் என்று சின்ன வயதிலிருந்தே நமக்குத் தெரியும். அதுதான் என் சண்டையே. "ஐயா, கம்மல் தொலைந்தால் உம்மிடம் கேட்கலாம். இது தொலையவே இல்லையே! எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். இதை எந்தக் கணக்கில் நான் உம்மிடம் கேட்பது?" இப்படி வாரா வாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை கோபம் தலைக்கேறிவிட்டது. "நான் கேட்காத ஆள் உண்டா? வக்கீலைக் கேட்டோம். பேங்க்கைக் கேட்டோம். தூதரகத்தைக் கேட்டோம். கோர்ட்டைக் கேட்டோம். இனி யாரைக் கேட்கச் சொல்கிறீர்?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். சட்டென்று நாக்கு நின்றுவிட்டது. கொடுத்தவரைக் கேட்கவில்லை. தாம்பாளத்தை நீட்டிய கை வரதன் சாரின் கை. அவரை யாருமே கேட்கவில்லை. அதிகாரம் போனவரை எதற்குக் கேட்பது என்று நாங்கள் எல்லோரும் அவரை மறந்தே போயிருந்தோம்.

சகோதர சகோதரிகளே, எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை, காட்சியும் தெரியவில்லை. ஆனால் அந்த நினைப்பு என்னுடையது இல்லை என்று மட்டும் தெரியும். ஏனென்றால் அவர் முகத்தில் முழிக்கவே கூடாது என்று நான் சபதம் போட்டிருந்தேன்.

கோவிலிலிருந்து அப்படியே ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டேன். உத்திர வீதியில் அவர் வீடு. மாமி கதவைத் திறந்தார்.

"வாங்கோ ஸ்டெல்லா. அவர் யாரையும் பாக்க மாட்டேங்கறார். கோவிலுக்குக்கூடப் போறதில்ல. பெருமாள் முகத்துல எப்படி முழிப்பேன்னு கேக்கறார்."

உள்ளே போனேன். மனிதர் பாதியாகியிருந்தார். வழியெல்லாம் சேர்த்து வைத்த கோபத்தைத் தேடினேன், ஒன்றுகூட அகப்படவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு இப்போ என்ன அதிகாரம் இருக்கு? என் கையெழுத்தே செல்லாது" என்றார்.

"கையெழுத்து வேண்டாம் சார். நீங்க கொடுத்தது. நீங்க ஒரு வார்த்தை கேளுங்க."

"லின்கிட்ட என்னன்னு கேக்கறது? தோத்துட்டேன், திருப்பிக் கொடுன்னா?"

"ஆமாம் சார். அதைத்தான் கேக்கணும்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாமி கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, "நீர்தானே அனுப்பினீர், இப்போது பாரும்" என்று அந்தோணியாரிடம் மறுபடி ஆரம்பித்தேன். அந்த வாரம் முழுக்க வேறு வேண்டுதலே இல்லை. முத்திரையைக்கூட விட்டுவிட்டேன். "அந்த மனுஷனை வீட்டை விட்டு வெளியே கொண்டுவாரும்" என்பது மட்டும்தான்.

அடுத்த செவ்வாய் காலை. தொழிற்சாலை கேட்டில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காரைத் தவிர வேறெதிலும் வந்திராத வரதன் சார் அதிலிருந்து இறங்கினார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. செக்யூரிட்டி பழக்கத்தில் விறைப்பாகச் சல்யூட் அடித்துவிட்டார்.

"கோவிலுக்குப் போயிட்டு வரேன்" என்றார் என்னிடம். "பெருமாள் என்ன கேப்பாரோன்னு பயந்துண்டிருந்தேன். அவர் ஒண்ணுமே கேக்கல. வாங்கோ, லின்கிட்ட பேசலாம்."

அதிகாரியிடம் அனுமதி வாங்கி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, வீடியோவில் அழைத்தோம். திரையில் வரதன் சாரைப் பார்த்ததும் லின் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். முதல் கேள்வி, "சாப்பிட்டீர்களா?" அவர்கள் ஊரிலும் அதுதான் முதல் கேள்வியாம்.

வரதன் சார் சுற்றி வளைக்கவில்லை. "நான் தோற்றுவிட்டேன், லின். என் கையால் கொடுத்ததை நானே கேட்கிறேன். இவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அங்கே இருக்கிறவர்களையும் சேர்த்துத்தான் புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதை எழுதி வாங்கியிருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

லின் மறுபடி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "கடிதம் மேல் கடிதம் வந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். எல்லோரும் என்னிடம் கொடு என்றார்கள். நான் யாரை நம்புவது? தப்பான கையில் கொடுத்தால் என் ஆட்கள் கதி என்ன? நீங்கள் கேட்பீர்கள் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை."

நாங்கள் திருடன் என்று நினைத்த மனிதர் காவல் காத்திருக்கிறார். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

தபாலில் அனுப்ப மாட்டேன், நேரில்தான் தருவேன் என்று லின் பிடிவாதமாகச் சொல்லி, ஆடிப்பெருக்குக்கு முன்னால் சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு வந்து இறங்கினார். எங்கள் மீட்டிங் அறையில் பையைத் திறந்தார். உள்ளே முத்திரைகள் மட்டுமில்லை. நான் தூக்கிக்கொண்டு போன அதே பித்தளைத் தாம்பாளம், துடைத்துப் பளபளவென்று. முத்திரைகளை அதில் வைத்து, இரண்டு கையாலும் வரதன் சாரிடம் நீட்டினார். வரதன் சார் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி ஒரு கையில் போனோடு மறு கையை நீட்ட, "போனைக் கீழ வெச்சுட்டு வாங்கிக்கோங்கோ சார்" என்றார் வரதன் சார். அதிகாரி குழந்தை மாதிரி போனை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

முத்திரை சீனாவில்தான் இருக்க வேண்டும் என்பதால் மறுநாளே லின்னோடு திரும்பிப் போயிற்று. ஆனால் இந்தத் தடவை எங்கள் ஆளும் கூடப் போனார். அங்கே செய்ய வேண்டிய மாற்றமெல்லாம் செய்து முடித்தார்கள். கோர்ட்டு விற்பனைக்குச் சம்மதித்தது. எங்கள் கேட் இன்றைக்கும் திறந்திருக்கிறது. போர்டில் பெயர்தான் வேறு. வரதன் சாருக்குக் கம்பெனி திரும்பக் கிடைக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வீதியில் நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு நடக்கிறார். மாமி போனில் அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. நானும் மாறியிருக்கிறேன். யார்மேலாவது கோபம் வந்தால், முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் கடிதம்தான் எழுதுவேன்.

ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன். வழி அடைபட்டு நிற்கிறீர்களா? வந்து சண்டை போடுங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அந்தோணியாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் உதவி கேட்டவர்கள் பெயரையெல்லாம் அவர் முன்னால் சொல்லிக்கொண்டே வாருங்கள். நீங்கள் விட்டுவிட்ட ஒரு பெயரை அவர் நினைவுபடுத்துவார். அது உங்களுக்குப் பிடிக்காத பெயராக இருந்தாலும் எழுந்து போங்கள்.

லின் ஊருக்குக் கிளம்புகிற அன்று அவரை நம் கோவிலுக்கு அழைத்து வந்தேன். ஒரு மெழுகுதிரி வாங்கி ஏற்றினார். "இங்கே என்ன வேண்டினீர்கள்?" என்று கேட்டார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் இவர், முத்திரைக்காக வேண்டினேன் என்றேன்.

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அது காணாமல் போகவே இல்லையே. என்னிடம்தானே இருந்தது" என்றார்.

"ஆமாம்" என்றேன். "காணாமல் போனது நாங்கள்தான்."