இரண்டாவது தடவை கேட்பார்கள்

என் அக்கா வீட்டுக்காரரிடம் எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். டீயா, இப்பத்தான் குடிச்சேன். நாற்காலியா, பரவாயில்லை, நிற்கிறேன். முதல் தடவை மறுப்பது மரியாதை, இரண்டாவது தடவை கேட்டால் வாங்கிக்கொள்வதும் மரியாதை. இதுதான் அவர் கணக்கு. எங்கள் ஆட்களிடம் அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தபோதுகூட "இப்ப என்ன அவசரம்" என்றவர்தான். இரண்டாவது தடவை கேட்டு அனுப்பியது எங்கள் அப்பாவின் பெருந்தன்மை என்று அக்கா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

மாமா குளிர்பதனப் பொறியாளர். மீனும் பழமும் மருந்தும் கெட்டுப்போகாமல் வைக்கிற பெரிய பெரிய கிடங்குகளைக் கட்டி ஓட்டியவர். அக்காவுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு இவரும் வந்தார். படிக்க வந்த நான் அவர்கள் வீட்டு சோபாவைப் பிடித்துக்கொண்டேன். மாமா போடாத விண்ணப்பம் இல்லை. ஊரில் பழைய முதலாளி அவருடைய இடத்தை இந்த மாதக் கடைசி வரைக்கும் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இங்கே ஒன்றும் அமையாவிட்டால் அவர் அங்கே, அக்கா இங்கே. இரண்டு பேரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் அலமாரிக்கு மேலே கிடந்த பெட்டி ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் இருவரும் நடந்தார்கள்.

கடைசியில் ஓர் உணவுக் கிடங்கிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அடுப்படியில் ஒத்திகை. நான்தான் அதிகாரி.

"உங்கள் பலம் என்ன?" என்றேன்.

"அதை நம்ம வாயால சொல்லலாமா மாப்ளே? அடுத்தவங்கதான் சொல்லணும்."

"அடுத்தவங்க யாரும் அங்க வரமாட்டாங்க" என்றாள் அக்கா, வெங்காயம் நறுக்கியபடி. "அந்தப் பெரிய கிடங்கை யாரு கட்டினது? சொல்லுங்க."

"எல்லாரும் சேந்துதான்."

"எல்லாருக்குமா சம்பளம் கேக்கப் போறோம்? நான் கட்டினேன்னு சொல்லுங்க."

"கொத்தனார் கோவிச்சுக்குவார்மா."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகவும் இருக்கலாம்.

பேருந்து மாறிப் போக வேண்டும் என்பதால் நானும் கூடப் போனேன். வரவேற்பறையில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மேலாளர் ஓர் உயரமான அம்மாள். மாமாவைக் கிடங்குக்குள் அழைத்துப் போகும்போது தடித்த மஞ்சள் கோட்டு ஒன்றை நீட்டினார். மாமா சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுப்பது தெரிந்தது. அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டார். மீன் விறைக்கிற குளிருக்குள் மாமா அரைக்கைச் சட்டையோடு நுழைந்தார். உள்ளே போனவருக்கு நாற்பது வயது. மீசையெல்லாம் வெள்ளை பூத்து வெளியே வந்தவருக்கு அறுபது.

"கோட்டைப் போட்டிருக்கலாமே மாமா?"

"இன்னொரு தடவை கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றார், பல் தந்தியடிக்க.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவருடைய கைப்பேசி அடித்தது. மாமா எழுந்து நின்றுகொண்டு பேசினார். மேலதிகாரிகளிடம் போனிலும் உட்கார்ந்து பேச மாட்டார். அந்த அம்மாளின் குரல் எனக்கே கேட்டது: நீங்கள் எங்களிடம் சேர வேண்டும் என்று விரும்புகிறோம். மாமாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. அந்த நாட்டு மொழியில், ஒரு பிழை இல்லாமல், திருத்தமாகச் சொன்னார்: "மிக்க நன்றி. எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம்."

தெரிவித்ததற்கு நன்றி என்றது குரல். அவ்வளவுதான். மாமா கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

ஈரத்தலையோடு வந்தாள் அக்கா. "யாருங்க போன்ல?"

"வேலை குடுத்துட்டாங்கம்மா!"

"அய்யோ! என்ன சொன்னீங்க?"

"சிரமம் வேணாம்னேன். இரு, திரும்பக் கூப்பிடுவாங்க."

சீப்பு பாதித் தலையில் நின்றது. "ஏங்க, அவங்க என்ன டீயா குடுத்தாங்க? வேலைங்க!"

"கேட்ட ஒடனே சரின்னா பறக்காவெட்டின்னு நெனைக்க மாட்டாங்களா?"

"இந்த ஊர்ல ஒருத்தரும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க. வந்த புதுசுல ஆஸ்பத்திரியில பட்டினி கெடந்து நான் கத்துக்கிட்டது." என் பக்கம் திரும்பினாள். "டேய், எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. இவரை இழுத்துட்டுப் போய் அந்தம்மா முன்னால நிறுத்து. வாயத் தொறக்காம திரும்பி வந்தார்னா பெட்டியை நானே கட்டிடுவேன்." கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் பிசிறியது. மாமா அதைக் கேட்டார். செருப்பைத் தேடினார்.

பேருந்தில் புலம்பிக்கொண்டே வந்தார். "வேணாம்னு சொன்னதைத் திரும்பப் போய்க் கேக்கறதா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாப்ளே?" என்னிடம் போய்க் கேட்டார். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கே இரண்டு முறை வாசலோடு திரும்புகிற ஆள் நான்.

மேலாளர் அம்மாள் வரவேற்பறைக்கு வந்து புருவத்தை உயர்த்தினார். மாமா எழுந்து நின்றார்.

"எனக்கு இந்த வேலை வேண்டும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அணை உடைந்துவிட்டது. அந்தப் பெரிய கிடங்கை நான்தான் கட்டினேன் என்றார். நானேதான் என்றார். மூன்று நாள் மின்சாரம் இல்லாதபோதும் ஒரு பெட்டி மீன்கூடக் கெடவில்லை, அதுவும் நான்தான் என்றார். காது சிவந்து வேர்த்துக் கொட்டியது. "என் மனைவி இங்கே இருக்கிறாள். நானும் இங்கேயே இருக்க வேண்டும்" என்று முடித்தார். அதை அவர் அக்காவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

காலையிலேயே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டதாகவும், தான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் சரி என்றுவிட்டதாகவும் அந்த அம்மாள் சொன்னார். "இரவு நேரப் பொறுப்பு ஒன்று காலியாக இருக்கிறது. யாரும் விரும்புவதில்லை" என்றார்.

"நான் வருகிறேன்" என்றார் மாமா. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. அதற்குத் தனியாக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது பெட்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது. மாமாவுக்கு ராத்திரி வேலை, அக்காவுக்குப் பகல் வேலை. ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் சேர்ந்து நிற்பது காலையில், எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில்தான். அவர் இறங்குவார், அவள் ஏறக் காத்திருப்பாள். கேஸை மூடினியா, சாவியை எங்க வெச்சீங்க, நேத்து ஏன் போனை எடுக்கலை என்று அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு நாள் குடும்பத்தை முழுசாக நடத்தி முடித்துவிடுவார்கள். ஜன்னலிலிருந்து எனக்கு வாய் அசைவது மட்டும் தெரியும். சில நாள் பேச்சு முடிவதற்குள் பேருந்து வந்துவிடும். அக்கா கையசைத்து அதைப் போகச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.