என் பக்கத்தில் மேய்ந்தவனுக்கு இருபது எருமைகள்

நான் பட்டாசு லேபிள் வரைகிறவள். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் வேலை பழகி, கல்யாணத்துக்குப் பிறகு விருதுநகரில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துத் தொழில் செய்தேன். இன்டர்நெட் பார்க்க பிரௌசிங் சென்டரில் வரிசையில் நின்ற காலம். எங்கள் தெருமுனை சென்டர்காரர் என் லேபிள்களில் இருபதை எடுத்து இன்டர்நெட்டில் எனக்கென்று ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தார். வெளியூர்ப் பார்ட்டிகள் அதைப் பார்த்துத்தான் என்னைத் தேடினார்கள்.

கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரும் அப்படித்தான் வந்தார். சொந்த மார்க்கில் பட்டாசு விற்கப் போகிறார். பன்னிரண்டு பெட்டிக்கு டிசைன் வேண்டும். அதுவரை எனக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு ஒருநாள் போன் போட்டு, அந்த டிசைனெல்லாம் என்னுடையது இல்லையாமே என்று கேட்டார். நிஜ ஆள் வேறொருவராம். அந்த ஆளின் பக்கத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தாராம்.

முகவரியை வாங்கிக்கொண்டு சென்டருக்கு ஓடினேன். திறந்தால் என் பக்கம். அதே மயில், அதே சிங்கம், அதே கொழுகொழு குழந்தை. என் பெயர் இருந்த இடத்தில் எவனோ ஒருவன் பெயர். என் போட்டோ இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மீசை. கீழே நான் என்னைப் பற்றி எழுதியதை அந்தப் பயல் படித்துக்கூடப் பார்க்கவில்லை. 'திருமணத்துக்குப் பின் கணவரின் ஊரான விருதுநகரில் வசிக்கிறேன்' என்று மீசைக்கு அடியில் அப்படியே கிடந்தது. சென்டர்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மானிட்டர் அவருடையது என்பதால் உடைக்காமல் விட்டேன்.

அவன் பக்கத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்குப் புகார் எழுதினோம். என் பக்கம், அவன் பக்கம் இரண்டின் முகவரி, அச்சான லேபிள்களின் ஸ்கேன், எல்லாம் அனுப்பினோம். புகார் கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். மறுபடி அதே பதில், ஒரு எழுத்து மாறாமல். எழுதியது மனுசனே இல்லை.

வியாபாரியிடம் மீசைக்குக் கணவர் இருக்கும் கதையைச் சொன்னேன்.

"எழுத்தையெல்லாம் யாருங்க படிக்கிறாங்க? படத்தைத்தான் பாக்குறோம். நீங்க சொல்றதையேதானுங்க அவரும் சொல்றாரு. திங்கக்கிழமை அவருக்கே ஆர்டரைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

சனிக்கிழமை காலையில் சென்டர்காரர் கூப்பிட்டு அனுப்பினார். அவன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மௌஸை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்கன பாருங்க. மூதி படத்தைக்கூட எடுத்து வச்சுக்கல. எல்லாம் நம்ம இடத்துல இருந்துதான் இழுக்கான்."

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அவன் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லி என் இடத்திலிருந்து படத்தைக் கூப்பிடுகிறது. அந்தப் பெயரில் நாம் எதை வைத்தாலும் அதுதான் அங்கே போய் நிற்கும்.

என் பக்கம் கெடாமல் இருக்க, அதிலுள்ள படங்களுக்கு முதலில் வேறு பெயர் வைக்கச் சொன்னேன். அதன் பிறகு கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

"அந்தாளு பக்கத்தைத் திறந்து வைங்க. அதுல என்ன படம் வரணும்னு நீங்களே சொல்லுங்க. கொண்டுவந்து காட்டுறேன்."

அவர் நம்பவில்லை.

"எருமைங்க. கொம்புல ராக்கெட்டு கட்டியிருக்கோணும்."

யாரும் முன்கூட்டி வரைந்து வைத்திருக்க முடியாததாக வேண்டுமென்றே கேட்டார். எனக்கு எருமை வராது. அரைமணி நேரம் சென்டர் மௌஸோடு மல்லுக்கட்டியதில் பன்றிக்கும் எருமைக்கும் நடுவே ஒன்று வந்தது. ராக்கெட் மட்டும் நன்றாக வந்தது. சென்டர்காரர் அதையே இருபது பழைய பெயர்களிலும் ஏற்றினார். திரும்பப் போன் போட்டு, பக்கத்தை மூடித் திறக்கச் சொன்னேன்.

எதிர்முனையில் மௌஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க," என்றார் மெதுவாக, "கீழ வரைக்கும் எருமையா நிக்குதுங்க."

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். திங்கட்கிழமை பன்னிரண்டு பெட்டிக்கும் அளவு அனுப்பி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை புது நம்பரிலிருந்து ஒரு போன். குரலில் நம்ம ஊர் வாடை.

"அக்கா, அந்தப் படத்தை மட்டும் மாத்திருங்கக்கா. பார்ட்டியெல்லாம் எருமையப் பத்திக் கேக்காக."

திருடியவன் என்னிடமே படம் கேட்கிறான்.

"எந்த ஊருலே நீ?"

"சாத்தூருக்கா."

"அம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டா இந்த வேலை பாக்க? பக்கத்தை எடுத்துப்போடு. இல்லைன்னா தினம் ஒண்ணு வரும். நாளைக்குப் பன்னி."

போனை வைத்துவிட்டான். சாயங்காலம் பார்த்தபோது பக்கமே இல்லை. நல்லதுதான். ஆனால் அதற்குள் நான் பன்றியை வரைந்து முடித்திருந்தேன். எருமையைவிட அது ரொம்ப நன்றாக வந்திருந்தது.