பாலால வந்த முறை

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனா ஆர் ஆருக்கு என்ன முறை எண்டு கேளுங்கோ, மன்னார்ப் பாலத்துக்கு இங்கால இருக்கிற குடும்பம் எல்லாத்தையும் விரல் மடிச்சுச் சொல்லிப்போடுவன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுறாள். நடுவில நடுவில சிரிக்கிறாள், அது எழுத்தில வருமோ தெரியாது.

முறை எண்டது பொல்லாத சாமான். சட்டமெண்டா கச்சேரியில இருக்கும், பொலிசில இருக்கும். முறை அடுப்படிக்க இருக்கும். ஆருக்கு முன்னால காலை நீட்டலாம், ஆரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், ஆரைக் கட்டலாம், ஆரைக் கட்டப்படாது, எல்லாம் அதுதான் சொல்லுறது.

என்ர கலியாணத்தையே பாருங்கோவன். நான் கட்டினது என்ர சொந்த மாமன்ர மகனை. எங்கட ஆத்தைக்கு அதுதான் முறை. "மச்சான் இருக்க வேற ஆருக்குக் குடுக்கிறது? தெருவில போற கழுதைக்கோ?" எண்டு கேட்டவ. ஆனா நாங்கள் கத்தோலிக்கச் சனம். கோயில்ல பங்குச்சாமி சொன்னார், "இது ரத்த உறவு, இப்பிடிக் கட்டப்படாது, ஆயர் ஆண்டகையிட்ட உத்தரவு எடுக்கோணும்" எண்டு. ஆத்தை விடுவாவே? "சாமி, நீங்கள் சொல்லுறது கோயில் முறை, நான் சொல்லுறது ஊர் முறை. ரெண்டும் சண்டை பிடிச்சா என்ர குமர் வீட்டோட கிடந்திடும்" எண்டா. சாமிக்கும் சிரிப்பு வந்திட்டுது. உத்தரவு எடுத்துத் தந்தார். அது வருமட்டும் என்ர மச்சான் படலைக்கு இங்கால கால் வைக்கேல்ல. அதுக்கு முதல் நேரா அடுப்படிக்க வந்து சட்டியில மீன்பொரியல் எடுத்துத் திண்ட மனிசன்!

சரி, சொல்ல வந்ததுக்கு வாறன். கலியாணம் முடிச்சு நாங்கள் மன்னார் ரவுணுக்க ஒரு ஒழுங்கையில இருந்தனாங்கள். மனிசன் கடலுக்குப் போறவர். வேலிக்கு அங்கால ஒரு முஸ்லிம் குடும்பம், பஸ் ஸ்ராண்டடியில தேத்தண்ணிக்கடை வச்சிருந்தவை. அந்த வீட்டுப் பொம்பிளையும் நானும் ஒண்டாப் பிள்ளைத்தாச்சியா இருந்தனாங்கள். வேலிக்கு மேலால மாங்காய் வரும், புளி வரும், சத்தியெடுக்கிற சத்தமும் வரும். எனக்கு மூத்தவள் பிறந்து ரெண்டு கிழமையால அவவுக்குப் பெடியன் பிறந்தான். பிறந்த கையோட தாய்க்குக் காய்ச்சல். அவ ஆஸ்பத்திரியில கண் திறக்காமக் கிடக்கிறா, பெடியன் வீட்டில வீரிட்டுக் கத்துறான். கழுதைப்பால் பருக்கிப் பாத்தினம். எங்கட ஊரில அந்தக் காலம் பிள்ளையளுக்குச் சளியெண்டாலும் இழுப்பெண்டாலும் கழுதைப்பால்தான், கழுதைக்கு இஞ்ச பஞ்சமே? அவன் துப்பிப்போட்டான்.

மத்தியானம் போல அவவின்ர மாமியார் பிள்ளையை முந்தானைக்க சுத்திக்கொண்டு எங்கட படலையைத் திறந்து வந்தா.

"புள்ள, ஒன்ட பால்ல இவனுக்குக் கொஞ்சம் குடு" எண்டா. நான் கையை நீட்டினன். மனிசி பிள்ளையைத் தரேல்ல. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறா, "முதல்ல கேட்டுக்க. நீ குடுத்தா இவன் ஒனக்கு மகன். ஒன்ட மகள் இவனுக்குக் கூடப்பொறந்தவ. நாளைக்கு ரெண்டும் ஆசப்பட்டாலும் கட்ட ஏலாது. எங்கட மார்க்கத்தில அது ஹராம்."

எனக்கு உள்ளுக்குச் சிரிப்பு. நெஞ்சு கனத்துக் கிடக்கு, பிள்ளை கத்துது, இந்த மனிசி கலியாணம் பேசுறா! "உம்மும்மா, அதுக்கென்ன, தாங்கோ" எண்டன். அப்பத்தான் தந்தா. வாயை வச்சானோ இல்லையோ, கத்தினவன் கப்பெண்டு அடங்கினான்.

எங்கட ஆத்தைக்குக் கோவம். "அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தா எங்கட பிள்ளைக்குக் காணுமே?" எண்டு புறுபுறுத்தவ. அவன் வாயோரம் பால் வழிய நித்திரையாக் கிடந்ததைப் பாத்தாவோ, என்னவோ, மற்ற நாள் காலமை தானே வேலியடியில போய் நிண்டு, "எங்க அந்தப் பெடியன்? இன்னும் எழும்பேல்லையோ?" எண்டு கூப்பிட்டா.

தாய் சுகப்பட்டு வந்தும் பால் இல்லை. அவன் நடக்கத் தொடங்குமட்டும் என்னட்டத்தான். பேச்சு வந்த நேரம் அவவை உம்மா எண்டான், என்னைப் பாலும்மா எண்டான். எனக்குப் பிறகும் பொட்டையள்தான், நாலும் பொட்டை. ஆனபடியா எங்கட வீட்டில ஆம்பிளைப்பிள்ளை எண்டா அவன்தான். எங்கட நத்தாருக்குப் பலகாரம் அவனுக்கு முதல். பெருநாளுக்கு வட்டிலப்பம் எங்களுக்கு முதல். மூத்தவளை அக்கா எண்டுதான் கூப்பிடுவான். அந்த ரெண்டு கிழமை மூப்புக்கு அவள் அவனை அதிகாரம் பண்ணின மாதிரி கச்சேரியில பெரிய துரை கூடப் பண்ணியிருக்கமாட்டார்.

பிள்ளையள் வளந்திட்டினம். மூத்தவளுக்குப் பாலத்துக்கு அங்கால, வங்காலையில சம்பந்தம் பேசினம். நல்ல குடும்பம், சொந்த வள்ளம், கொஞ்சம் வயலும் இருந்தது. மகளுக்கும் அந்தப் பெடியனை நல்ல விருப்பம். பேரைச் சொன்னாலே தேங்காய் துருவுற கை நிண்டிடும். கோயில்ல ஓலையும் கூறத் தொடங்கியாச்சு. ஓலை கூறுறதெண்டா, இன்னாரும் இன்னாரும் கலியாணம் முடிக்கப் போகினம், தடை தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லுங்கோ எண்டு சாமி மூண்டு ஞாயிறு பூசையில சொல்லுறது.

முதலாம் ஓலை முடிஞ்ச கிழமை சரியான மழை. தையல் வகுப்புக்குப் போன மகள் பஸ் ஸ்ராண்டில நனைஞ்சுகொண்டு நிண்டவள். தேத்தண்ணிக்கடையில இருந்து அவன் கண்டிட்டு, "ஏறு அக்கா" எண்டு சைக்கிளில கொண்டந்து விட்டான். பின்னால இருத்தியிருந்தாலும் பரவாயில்லை. பின்னால சீனிச்சாக்குக் கட்டியிருந்தவனாம். முன்னால பாரில இருத்திக்கொண்டு வந்தான்!

அதை வங்காலையில இருந்து மீன் கொண்டு வந்த ஒரு மனிசி கண்டிட்டா. அவவின்ர பஸ் பாலம் தாண்ட முதல் கதை தாண்டிட்டுது. ரெண்டாம் ஓலைக்கு முதல் மாப்பிள்ளை வீட்டால ஆள் வந்தது. "பொம்பிளை ஒரு முஸ்லிம் பெடியனோட சைக்கிள்ல போறாவாம். கொஞ்சம் பொறுப்பம். ஓலையை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

ஓலை நிண்டா எல்லாம் நிண்ட மாதிரி. பிறகு அவளையும் ஒருத்தன் கேக்கமாட்டான், அவளுக்குப் பின்னால நிக்கிற மூண்டு பேரையும் கேக்கமாட்டான். மகள் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திட்டாள்.

மனிசன் சொன்னார், "அந்தப் பெடியனை இனி இந்தப் பக்கம் வரவேண்டாமெண்டு சொல்லு. ஆரும் கேட்டா, அவன் பக்கத்து வீட்டுப் பெடியன், எங்களுக்கும் அவனுக்கும் ஒரு தொடசலும் இல்லை எண்டு சொல்லுவம்."

"அதென்னெண்டு சொல்லுறது? குடிச்ச பாலைத் திருப்பிக் கக்கச் சொல்லுறதோ?"

"அப்ப மகளை வீட்டில வச்சு அழகு பார்" எண்டிட்டுக் கடலுக்குப் போட்டார்.

வங்காலைக்காரரை நான் குறை சொல்லமாட்டன். பாலால ஒரு முறை இருக்கெண்டு அவைக்குத் தெரியாது. குமரும் இளந்தாரியும் ஒரு சைக்கிளில போறதைக் கண்டா, அவைக்குத் தெரிஞ்ச முறையிலதான் அவை பாப்பினம். நானெண்டாலும் அப்பிடித்தான் பாத்து, நாலு பேருக்குச் சொல்லியும் இருப்பன்.

நாங்கள் சத்தம் போட்டது வேலிக்கு அங்கால கேட்டிட்டுது போல. அடுத்த நாள் காலமை பெடியன்ர உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு முத்தத்தில வந்து நிக்கிறா. பஸ் ஸ்ராண்டுக்கு அப்பால தனியப் போகாத மனிசி.

"எழும்புங்க அக்கா, போவம்."

"எங்க?"

"ஒங்கட சம்பந்தி வீட்டுக்கு. மகனுக்கு ஒரு பழி வந்தா உம்மாதானே போய்க் கேக்கோணும். அவனுக்கு ரெண்டு உம்மா. ரெண்டு பேரும் போவம்."

அவவுக்குக் கடல் பயம். பஸ் பாலத்தில ஏறினவுடன கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினா. எனக்குச் சம்பந்தி வீட்டுப் பயம், நான் செபமாலையை உருட்டுறன். கொண்டக்டர் பெடியன், "ரெண்டு பக்கத்தாலயும் மண்டாடுறதைப் பாத்தா இண்டைக்கு பஸ் கடலுக்கதான் போகப்போகுது போல" எண்டான். பஸ்ஸே சிரிச்சுது. எங்களுக்கும் கொஞ்சம் பயம் தெளிஞ்சுது.

வங்காலையில மாப்பிள்ளையின்ர தாய் கதிரை போட்டா, தேத்தண்ணி தந்தா, வாயைத் திறக்கேல்ல. கதைக்கிற அதிகாரம் எல்லாம் மாப்பிள்ளையின்ர அப்பாச்சியிட்ட. கிழவி பாயில இருந்து வெத்திலை இடிச்சுக்கொண்டு, "ஆர் இந்தப் பிள்ளை?" எண்டு கேட்டா.

"சைக்கிள்ல ஏத்தினானே, அவண்ட உம்மா நான்" எண்டு இவ நிமிந்து சொன்னா. பிறகு முழுக்கச் சொன்னா. தான் ஆஸ்பத்திரியில கிடந்தது, நான் பால் குடுத்தது, தன்ர மாமியார் படலையடியில சொன்னது, தங்கட மார்க்கத்தில அந்த ரெண்டு பிள்ளையும் கூடப்பிறந்த பிள்ளையள் எண்டது, எல்லாம்.

கிழவி உலக்கையை நிப்பாட்டினா. "பால் குடிச்சாச் சகோதரமோ? நல்ல கதை. எங்கட பேரன், மாப்பிள்ளைத்துரை, சின்னனில இழுப்பு வந்து கழுதைப்பால் குடிச்சு வளந்தவர். அப்ப மன்னார் ரவுணில நிக்கிற கழுதை எல்லாம் அவருக்கு அண்ணன் தம்பியோ?"

கதவுக்குப் பின்னால நிண்ட மாப்பிள்ளை சத்தமில்லாம அங்கால போட்டார்.

"அது எனக்குத் தெரியாது ஆச்சி" எண்டா இவ. "பேரன் கழுதையக் கட்டாம எங்கட பொண்ணக் கட்டினாச் சரி."

கிழவி சிரிச்ச சிரிப்பில வெத்திலை தெறிச்சுது. ஆனா சிரிச்சு முடிஞ்சவுடன கண்ணைச் சுருக்கினா. அவவுக்குச் சிரிப்பு வேற, முறை வேற.

"எங்கட கோயில்லயும் ஒண்டு இருக்கு. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கினவன் பிறகு அந்தப் பிள்ளையைக் கட்டேலாது. தண்ணியால ஒரு முறை வருமெண்டா பாலால ஏன் வரப்படாது? ஆனா வாய்ச்சொல்லு எனக்குக் காணாது. கலியாணத்தண்டு மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறது ஆர்?"

எங்கட பக்கம், கலியாணம் முடிஞ்சு மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுப் படலைக்கு வந்தவுடன, பொம்பிளையின்ர தம்பி குனிஞ்சு தண்ணி வாத்துக் கால் கழுவோணும். மாப்பிள்ளை அவன்ர விரலில ஒரு மோதிரம் போட்டுவிடோணும். "தம்பி இல்லைத்தானே, என்ர கொழுந்தன்ர மகன் கழுவுவான்" எண்டன்.

"வேண்டாம். அந்தச் சைக்கிள்காரன் கழுவட்டும். ஊர் பாக்கக் குனியட்டும். பொம்பிளையில கண் வச்சவன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவமாட்டான்."

திரும்பி வரேக்க பஸ்ஸில எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே யோசினைதான். பெடியன் ஓமெண்டுவானோ? அவன்ர பெரியவாப்பா கேட்டவுடன எழும்பிட்டார், "எங்கட புள்ள ஊருக்கு முன்னால இன்னொருத்தண்ட காலக் கழுவுறதோ?" எண்டு. அவன் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, "ஏன், மச்சான்ர காலில அவ்வளவு ஊத்தையோ? சவுக்காரமும் கொண்டு போவன்" எண்டான். உம்மா அவன்ர முதுகில ஒண்டு வச்சா. அழுதுகொண்டுதான் வச்சா.

ரெண்டாம் ஓலை கூறினார் சாமி. மூண்டாம் ஓலையும் கூறினார்.

கலியாணத்தண்டு எங்கட படலையில வங்காலைச் சனமும் எங்கட ஒழுங்கைச் சனமும் முண்டியடிச்சு நிக்குது. எல்லாருக்கும் கதை தெரியும். கிழவியைக் கதிரையோட தூக்கிக்கொண்டு வந்து முன்னுக்கு இருத்தியிருக்கினம். மாப்பிள்ளை புதுச் சப்பாத்தைக் கழட்டி, காச்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிக்கிறார். செம்பில தண்ணி வாக்கச் சொன்னா, இவன் குடத்தோட நிக்கிறான்!

குனிஞ்சான். ஒரு காலைக் கழுவினான், மற்றக் காலைக் கழுவினான். நிமிராமலே, "மச்சான், மற்ற ரெண்டு காலையும் நீட்டுங்கோ" எண்டான்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! கழுதைப்பால் கதை அதுக்குள்ள எல்லாரின்ர காதுக்கும் போட்டுது. கிழவிதான் எல்லாரிலும் கூடச் சிரிச்சது. மாப்பிள்ளையும் சிரிச்சுக்கொண்டு பொக்கற்றில இருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினார்.

பெடியன் கையை நீட்டேல்ல.

சிரிப்பெல்லாம் பட்டெண்டு நிண்டுது. மோதிரம் வாங்காட்டி உறவு வேண்டாமெண்டு அர்த்தம். கிழவியின்ர முகம் இறுகிப்போச்சு. நான் அவன்ர உம்மாவைப் பாக்கிறன், அவ வாயில கையை வச்சுக்கொண்டு நிக்கிறா. அப்பத்தான் எனக்கும் மூளையில ஓடிச்சுது. அவையளில ஆம்பிளையள் தங்கம் போடப்படாது! மூண்டு பொம்பிளையள் கூடி அவ்வளவு முறையும் கதைச்சம், இந்த ஒண்டை ஒருத்தரும் யோசிக்கேல்ல.

"மச்சான், எங்களுக்குத் தங்கம் ஆகாது" எண்டான் அவன், எல்லாருக்கும் கேக்க. சொல்லிப்போட்டு உள்ளங்கையை விரிச்சு மோதிரத்தை வாங்கினான். வாங்கிக்கொண்டு நேரா என்னட்ட வந்தான். "பாலும்மா, இது உங்கட பாலுக்கு வந்தது. கையைத் தாங்கோ."

மீன் வெட்டித் தடிச்ச விரல், மற்ற எதிலயும் ஏறேல்ல. சின்ன விரலில போட்டுவிட்டான். பக்கத்தில நிண்ட மனிசன், மகளை வச்சு அழகு பார் எண்டு சொன்ன மனிசன், தோள் துண்டால முகத்தைத் துடைச்சுக்கொண்டு பந்தல் கூரையைப் பாக்கிறார்.

"பிறகென்ன, எல்லாம் முறைப்படி முடிஞ்சுது. படலையை விடுங்கோ, சனத்துக்குப் பசிக்குது" எண்டு கிழவி சத்தம் போட்டா.

அதுக்குப் பிறகு நாடு குழம்பி, அவையள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் அலைஞ்சது பெரிய கதை. அவன் இப்ப புத்தளத்தில. பாதி வழுக்கை, மிச்சம் நரை. வந்தா முதல் என்ர கையைத் தூக்கிப் பாப்பான், மோதிரம் கிடக்கோ எண்டு. கிடக்காம எங்க போறது? மூட்டு வீங்கி, இனிக் கழட்டவும் ஏலாது.

போன முறை வந்த நேரம் மகளும் வங்காலையில இருந்து வந்திருந்தாள். அவளும் பேரப்பிள்ளை கண்டிட்டாள். முத்தத்தில சைக்கிள் நிண்டதைக் கண்டிட்டு, "என்னடா, ஏத்துவியோ?" எண்டு கேக்கிறாள்.

"ஏறு அக்கா" எண்டான் அவன். "இண்டைக்குச் சீனிச்சாக்கு இல்லை, பின்னால இரு."