சிவாவின் ரூட்டுக்கு என்ன விலை?

போன மாதம் ஒரு செத்தவீடு. ஃபியூனரல் ஹோம் கார் பார்க்கில் நிற்கிறேன். உள்ளே பெட்டிக்குள் சிவா. மாரடைப்பு. சாகிற வயதே இல்லை.

பக்கத்தில் தன் வானில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர் மற்றவரிடம் கேட்டார்.

"உவன்ர யூனியன்வில் வீடுகளை இனி ஆர் பாக்கிறது?"

"ஆர் முந்திப் போறானோ அவனுக்குத்தான்!"

சிரித்தார்கள். உடல் இன்னும் எரியவில்லை.

சிவாவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யன்னல் துடைப்பதுதான் அவன் தொழில். ஏணி, வாளி, ஒரு பழைய வான். யூனியன்வில் பக்கம் வீடுகள், ஸ்கார்பரோவில் சில கடைகள். மாதத்தில் ஒருமுறை, சொன்ன நாளில் போய் நிற்பான். இந்த வாடிக்கை முழுவதற்கும் 'ரூட்' என்று பெயர். அதை விற்கலாம், வாங்கலாம். சிவாவே பாதி ரூட்டை ஓர் இத்தாலியக் கிழவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்கினான். மாத வரும்படியைப் போல நாலு மடங்கு கொடுத்தான்.

எதற்குக் கொடுக்கிறார்கள்? கண்ணாடிக்கா? இல்லை... பெல்லை அடித்தால் கதவு திறக்கும் என்ற நம்பிக்கைக்கு. அதனால் விற்கிறவர், வாங்குகிறவரை ஒவ்வொரு வாசலுக்கும் கூட்டிப்போய் "இனி இவர்தான்" என்று முகம் காட்டவேண்டும். காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதுவது போலத்தான். முகம் காட்டாத ரூட்டை ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

சிவாவின் மனைவி மலருக்கு இது தெரியும். இரண்டு சின்னப் பிள்ளைகள். இன்சூரன்ஸ் இல்லை. அவன் விட்டுப்போனது அந்த ரூட் ஒன்றுதான். அதை விற்கவேண்டும் என்று வாய் திறந்தாள்... சிவாவின் மாமா பாய்ந்து விழுந்தார்.

"சாவுத் துடக்கு வீட்டிலயிருந்து விலை பேசுறதே? முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும் பிள்ளை."

"மாமா, அதுவரைக்கும் அவையள் ஊத்தை யன்னலோட இருப்பினமே? வேற ஆளைப் பிடிச்சிடுவினம்."

"பிடிச்சால் பிடிக்கட்டும். அதில என்ன கிடக்கு? வானையும் ஏணியையும் வித்தால் சரி. வெள்ளைக்காரன்ர வீட்டை உன்னால விக்கேலுமே?"

ஊரில் ஓர் அடி வேலிக்காக வழக்குப் போட்டுக் கோடு ஏறி இறங்கிய மனிதர் இவர்! அது சொத்து. இது சொத்தில்லையாம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள் காலை மலர் என் கதவைத் தட்டினாள். வெக்ஸ்போர்ட்டில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒரே மாடியில் இருக்கிறோம்.

"அண்ணை, அந்தோனி ரூட்டை எடுக்கிறன் எண்டு சொல்லுறார். முகம் காட்டவேணுமாம். காரில ஒருக்காக் கொண்டுபோவியளோ?"

"இண்டைக்கேவா பிள்ளை?"

"நாளைக்கெண்டால் அந்த பெல்லில வேற ஆரின்ரயும் கை இருக்கும்."

அந்தோனி மன்னார்க்காரர். ஆபீஸ்களைக் கிளீன் பண்ணிக் காசு சேர்த்தவர். மூவரும் போனோம்.

மலர் அந்த வீடுகளை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் சிவா துடைக்கப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணுவது அவள்தான். "டுமாறோ விண்டோ, ஓகே?" அவ்வளவுதான் அவளுடைய ஆங்கிலம்.

முதல் வீடு. ஒரு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறந்தார். மலர் "ஹலோ" என்றதுதான் தாமதம்... கிழவியின் முகம் மலர்ந்தது.

"ஓ, டுமாறோ விண்டோ லேடி!"

அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துத்தான் மலர் சொல்லவேண்டியிருந்தது. "மை ஹஸ்பண்ட் டைட். திஸ் அந்தோனி. குட் மேன். சேம் பிரைஸ்."

செத்தவீட்டில் அவளைத் தாங்கிப் பிடிக்கப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். இந்த வாசல்களில் யார் இருந்தார்? ஒவ்வொரு வீட்டிலும் புருஷன் செத்ததைப் புதிதாகச் சொன்னாள். பிறகு காருக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வீட்டுக்கு விடுங்கோ அண்ணை" என்றாள்.

ஒரு வீட்டில் சீனக்காரர் ஒருவர் சொன்னார். நேற்று ஒருவன் வந்தானாம். சிவா ரூட்டைத் தனக்கு விற்றுவிட்டுப் போய்விட்டான் என்றானாம். "உன் குரலைக் கேட்காமல் நான் யாரையும் விடமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்" என்றார். வந்தவனின் வானைப் பற்றிக் கேட்டேன். சொன்னார். புரிந்துவிட்டது. கார் பார்க்கில் சிகரெட்டோடு சிரித்த ஆள்தான். பெயர் எழுதமாட்டேன். வாசித்துக்கொண்டிருப்பார்.

கடைகள் சில ஏற்கெனவே வேறு ஆட்களைப் பிடித்துவிட்டன. அதனால் விலை நாலு மடங்கிலிருந்து மூன்று மடங்காக இறங்கியது. பாதி உடனே, மீதி, வாடிக்கை நிலைத்த பிறகு. அந்தோனி இன்னொன்றும் சொன்னார்.

"அக்கா, போன் வேலையை நீங்களே செய்யுங்கோ. மாசாமாசம் சம்பளம் தாறன். என்ர குரலுக்கு ஆர் கதவு திறப்பினம்?"

மாமா இதற்கெல்லாம் விலையே வைக்கவில்லை, கவனித்தீர்களா?

கதை பரவியது. "புருஷன் எரிஞ்ச சூடு ஆறேல்லை, வீடு வீடாய்த் திரியிறாள்!" என் காதுபடவே மாமா சொன்னார். நாக்குக்கு மட்டும் துடக்கு இல்லை போலும்.

போன ஞாயிறு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. அந்தோனி கொடுத்த காசில்தான் சமையல். திட்டியவர்கள் எல்லோரும் வந்தார்கள். எந்தக் காசு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருவரும் தட்டைத் தள்ளி வைக்கவில்லை.