ஒற்றைக் கண் அழுகை

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு, எனக்குக் கல்யாணமான புதிது. பிறந்தது ராசிபுரம் பக்கம். வாக்கப்பட்டது திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில், தோட்டம் துரவு உள்ள குடும்பம். மாமியார் தங்கமானவர். கணவர் அதிகம் பேசமாட்டார். குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

மார்கழியில் எனக்குக் கடுமையான சளி பிடித்தது. சளி போய்விட்டது, ஆனால் இடது கண்ணில் நீர் வடிவது மட்டும் நிற்கவில்லை. வலி கிடையாது, உறுத்தல் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கன்னத்தில் வழியும். முந்தானையால் துடைத்துத் துடைத்து வேலை பார்த்தேன்.

புது மருமகள் கிணற்றடியில் கண்ணைத் துடைத்தால் ஊர் என்ன நினைக்கும்? முதலில், மாமியார் சரியாகச் சோறு போடுவதில்லை என்றார்கள். அடுத்து, என் கணவர் அடிக்கிறார் என்றார்கள். எறும்பைக் கண்டால் சுற்றிப் போகிற மனிதர் அவர்! மாமியார் பயந்துபோய்க் கச்சாயமாகச் சுட்டு அடுக்கினார். நானும் சந்தோஷமாகத் தின்றேன், கண்ணீர் வழிய வழிய. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், அழுகிற பெண்ணின் வாயில் பலகாரத்தைத் திணிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

சேதி ராசிபுரம் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் காலையில் என் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

“அம்முணி, துணிமணிய எடுத்துக்கிட்டு வண்டில ஏறு” என்றார் அப்பா.

“எனக்கு இங்க ஒரு கொறையும் இல்லீங்கப்பா. நல்லாத்தான் இருக்கறேன்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் மோவாய் வரை வந்து சொட்டியது.

“பாத்தீங்களா, பயந்துக்கிட்டுப் பொய் சொல்லுது!” என்று பெரிய அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கணவர் போய் வண்டி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வண்டியில் ஏறினால் வாழாவெட்டி என்ற பேர்தான் மிஞ்சும்.

அப்போது மாமியார் ஓடி வந்து, என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“ஏனுங்க சம்பந்தி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அழுவறவ எவளாச்சும் ஒத்தக் கண்ணுல அழுவாளா?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வலது கண்ணில் பொட்டு ஈரமில்லை. அப்பா இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டார்.

மறுநாளே இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் சேலத்துக்குப் போனோம். கண் டாக்டரின் மேசைமேல் ஒரு மண்டை ஓடு இருந்தது. அதைப் பார்த்ததும் மாமியார் “முருகா” என்று கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அதன் கண் குழியின் உள் மூலையில், மூக்கை ஒட்டி இருந்த ஓட்டையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டார். அது மூக்குக்குள் எட்டிப் பார்த்தது. கண்ணில் ஊறும் நீர், இமை ஓரத்திலுள்ள ஊசிமுனைத் துளைகளில் இறங்கி, ஒரு சிறு பையில் சேர்ந்து, இந்த எலும்பு வழியாக மூக்குக்குப் போகுமாம். எனக்கு அந்த வழி அடைத்துக்கொண்டதாம்.

“அட, வாய்க்கா அடைப்புங்களா! தூர் வாரோணும்னு சொல்லுங்க” என்றார் அப்பா.

“அதுதானுங்க, போக வழியில்லாம தண்ணி வரப்பு மேல ஏறி வழியுது” என்றார் மாமியார், கண்ணைத் திறந்து.

பெரிய அண்ணன், “மடை எந்தப் பக்கமுங்க?” என்று மண்டை ஓட்டுக்குள் விரலை விடப் போனார். டாக்டர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

பிறகு என் கண் மரத்துப்போக மருந்து விட்டு, முனை மழுங்கிய ஊசியால் கீழ் இமைத் துளையில் உப்புத் தண்ணீரைச் செலுத்தினார். அது மேல் இமைத் துளை வழியாகத் திரும்பி வந்து, அவருடைய மூக்குக் கண்ணாடியை நனைத்தது. மறுபடி நிதானமாக அழுத்தினார். மூக்குக்குள் ஏதோ அசைந்து விலகியது.

“தொண்டையிலே ஏதாவது தெரியுதாம்மா?”

“உப்புக் கரிக்குதுங்க!”

சொன்னதுதான் தாமதம், இத்தனை நாள் பட்ட பயமெல்லாம் சேர்ந்து நிஜமாகவே அழுதுவிட்டேன். இரண்டு கண்ணிலும்.

“ஐயோ, இப்ப அந்தக் கண்ணும் போச்சுங்களே!” என்று என் கணவர் அலறினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

டாக்டர் மட்டும் சிரித்துக்கொண்டே என் மூக்கைக் காட்டினார். “பாருங்க, இடது மூக்கு ஒழுகுது. வழி திறந்தாச்சு.”

எல்லோரும் என் மூக்கைச் சுற்றிக் கூடினார்கள். “ஒழுகுதுங்க சம்பந்தி, ஒழுகுதுங்க!” என்று அப்பா மாமியாரிடம் சொல்ல, மாமியார் தன் முந்தானையாலேயே அதைத் துடைத்துவிட்டார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர்களும் விடமாட்டேன் என்று நின்றவர்களும் என் மூக்கு ஒழுகியதைப் பார்த்து ஒன்றாகச் சந்தோஷப்பட்டார்களே, கல்யாணப் பந்தலில் அட்சதை தூவியபோதுகூட அப்படி ஓர் ஆசீர்வாதம் எனக்குக் கிடைத்ததாக நான் இன்றுவரை நினைக்கவில்லை.