மீனுக்கு விலை கேட்ட துரை

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பவள். அந்தப் படிப்புப் படித்த ஒருவரின் கதை இது என்றதும் முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும்.

மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட நேரம். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி. அரிசி அளந்துதான் வரும். என் மூன்று பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது கம்பிக்கு உள்ளே கிடந்த சதுப்புதான். விரால், கெளுத்தி, கங்கோங் கீரை.

துரை ஒருவர் வந்தார், நிலத்துக்குக் கணக்குப் பார்க்கிற நிபுணராம். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. என்ன வெள்ளை! துவைத்தவள் பாவம். அவர் பின்னால் துப்பாக்கிச் சிப்பாய்கள். சதுப்பில் என்ன கிடைக்கிறது என்று தோட்டத்து எழுத்தரான கிராணியை விட்டுத் தமிழில் கேட்டார். சோறு மிஞ்சுகிறது என்று தெரிந்தால், காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று பிடித்துப் போவார்கள். லயமே ஒரே வாயாகச் சொன்னது:

“ஒண்ணுமில்லீங்கய்யா. வெறுங் கொசுதான்.”

துரைக்கு அது போதும். வீண் நிலம், வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டு ரப்பர் நடலாம் என்றார்.

வெட்டுவதற்கு முன் மறுபடி வந்தார், சிப்பாய் இல்லாமல். நான் முன்னால் போய் நின்றேன்.

“துரைகிட்டச் சொல்லுங்கய்யா, அதுல மீனு இருக்கு. அதத் தின்னுதான் எம்புள்ளைங்க உசுரோட இருக்கு.”

“அடிப்பாவி! அன்னைக்குக் கொசுதான்னு சொன்னியே லா?” என்றார் கிராணி.

“அன்னைக்குத் துப்பாக்கி நின்னுச்சு. துப்பாக்கிகிட்ட மீன் கதையா சொல்லுவாங்க?”

என்ன விலைக்கு விற்கிறாய் என்று கேட்கச் சொன்னார் துரை.

“விக்கிற மீனில்லீங்க, திங்கிற மீனு.”

விலை இல்லையென்றால் மதிப்பும் இல்லையாம். அப்படியொரு படிப்பு! தாய்ப்பாலுக்கும் விலை கேட்டிருப்பார், கூச்சத்தில் விட்டுவிட்டார். இவர்களை வேலைக்கு வைத்தால் முதலில் சதுப்பில் இறக்கிக் கீரை பறிக்க விட வேண்டும். பிறகு கணக்குப் போடட்டும்.

வெட்டினார்கள். சதுப்பு வற்றியது, கிணற்றுத் தண்ணீரும் கீழே போனது. கடையில் கருவாடு வாங்கி, ஒரு துண்டை மூன்று பிள்ளைகளுக்கும் பிய்த்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அதே துரை சிரித்த முகத்தோடு வந்தார்.

“கடையில யாவாரம் கூடிருச்சாம். நீங்கள்லாம் முன்னேறிட்டீங்கன்னு துரைக்கு ரொம்ப சந்தோஷம்” என்றார் கிராணி.

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் இடுப்பில் இருந்த கடைக்குட்டியை அவரிடம் நீட்டினேன்.

“இந்தாங்க துரை, முன்னேத்தம். புடிச்சுப் பாருங்க.”

பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. சிரிப்பு போய்விட்டது அவருக்கு. பதறிப்போய் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.